ஐந்து மாடுகள், மூன்று கணக்குகள்: ஆத்தூர் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் மீத்தேன் குறைப்பு

பின்னணி

சேலம் மாவட்டம் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு சிறு விவசாயக் குடும்பத்தின் மாட்டுக் கொட்டகையில் இரண்டு ஆண்டுகள் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். கணவன், மனைவி, கணவனின் தாயார், பள்ளிக்குப் போகும் இரு பிள்ளைகள். ஒன்றே கால் ஏக்கர் நிலம். மழையைப் பார்த்து மக்காச்சோளம், கொஞ்சம் மரவள்ளி, வீட்டுத் தேவைக்குக் கடலை. கிணறு உண்டு, ஆனால் பங்குனி தாண்டினால் அதை நம்ப முடியாது. கையில் ஒழுங்காகக் காசு வருவது கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றும் பாலில்தான்.

மாடுகள் விடும் மீத்தேனைக் குறைத்து, குறைந்த அளவைக் கார்பன் கிரெடிட்டாக, அதாவது மற்ற நிறுவனங்கள் தாங்கள் விடும் வாயுவுக்கு ஈடாகக் காசு கொடுத்து வாங்கும் சான்றாக, விற்க முடியுமா என்று பார்க்க ஒரு நிறுவனம் அந்தப் பகுதியில் முன்னோட்டம் ஒன்றைத் தொடங்கியது. தீவன ஆலோசனை சொல்லும் கால்நடை மருத்துவராக நான் அதில் சேர்ந்திருந்தேன். தேர்வான வீடுகளில் இது ஒன்று. இந்த வீட்டை எழுத எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இங்கே எல்லாம் நன்றாகவே நடந்தது, அப்படியும் "மீத்தேன் குறைந்ததா?" என்ற கேள்விக்கு மூன்று வெவ்வேறு விடைகள் வந்தன.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மாடு, எருமை, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேனாக்குகின்றன. அதில் பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியாகவே வெளியேறுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 27, 28 மடங்கு சூடேற்றும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கு மேல் மாடுகளும் 10 கோடிக்கு மேல் எருமைகளும் இருக்கின்றன. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் பல நாடுகள் ஏற்ற மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்திடவில்லை. இங்கே மாடு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று மாடு வைத்துப் பிழைப்பவர்கள் என்பதை நினைத்தால் அந்தத் தயக்கம் புரியாத ஒன்றல்ல.

முதல் பேச்சில் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏப்பத்துக்கெல்லாமா சார் காசு தர்றாங்க?"

கொட்டகையில் கண்டது

ஐந்து உருப்படிகள். ஜெர்சி கலப்பில் ஒரு செவலை, நாளைக்கு 8 லிட்டர் கறந்துகொண்டிருந்தது. ஹோல்ஸ்டைன் கலப்பில் ஒரு கருப்பி, கறவையின் கடைசிக் காலம், 5 லிட்டர். செவலையின் மகள் சின்னச் செவலை, நிறைசினை, பால் வற்றியாயிற்று. வெள்ளச்சி கன்று போட்டு இரண்டு ஆண்டு ஆகப்போகிறது, பால் நின்றுவிட்டது, எத்தனை முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. கடைசியாக ஒரு கிடேரி. மூன்று வயது நெருங்கியும் ஒருமுறைகூடப் பருவத்துக்கு வந்ததாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

தீவனம் அந்த வட்டாரத்துக்கே உரிய கலவை. விலைக்கு வாங்கிய வைக்கோல், கிடைக்கும்போது சோளத்தட்டு, ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் மரவள்ளித் திப்பி, கழுநீரில் கரைத்த தவிடு. கறக்கும் மாட்டுக்கு மட்டும் கறவை நேரத்தில் இரண்டு கை புண்ணாக்கு. பசுந்தீவனம் என்றால் மழைக்காலத்தில் வரப்பில் அறுக்கும் புல்தான். தாது உப்பு கிடையாது. குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தோம் என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் இரண்டு கருத்து.

மாடுகள் எலும்பு தெரிய இருந்தன. சாணத்தைப் பிசைந்து பார்த்தபோது செரிக்காத நார் நீளநீளமாக வந்தது. கிடேரி சுவரை நக்கிக்கொண்டே இருந்தது. பாஸ்பரஸ் போதாதபோது பார்க்கிற பழக்கம் அது. வைக்கோலில் புரதம் மிகக் குறைவு, திப்பியில் அதைவிடக் குறைவு. திப்பியில் இருப்பது மிச்ச மாவுச்சத்து. புரதம் இல்லாமல் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் பெருக முடியாது. அவை பெருகாவிட்டால் நார் மெதுவாகத்தான் செரிக்கும், நார் வயிற்றை அடைத்துக்கொண்டு நிற்பதால் மாடு மேலும் தின்னாது. இப்படித் தின்கிற கொஞ்சமும் உடம்பைத் தாங்குவதற்கே போய்விடும், பாலுக்கு மிஞ்சாது. ஆனால் ஏப்பம் மட்டும் தின்றதற்கெல்லாம் வரும்.

அளவு எடுத்த விதம்

மாடு விடும் மீத்தேனை நேரடியாக அளக்க, மாட்டை உள்ளே நிறுத்தி அதன் மூச்சுக் காற்றைச் சோதிக்கும் மூச்சறைகள் இருக்கின்றன. கழுத்தில் குப்பி கட்டி, எஸ்.எஃப்.6 என்ற அடையாள வாயுவை வைத்துக் கணக்கிடும் முறையும் இருக்கிறது. ஒரு கிராமத்துக் கொட்டகைக்கு இரண்டும் எட்டாதவை. எனவே ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. வழிகாட்டும் கணக்கு முறையைப் பயன்படுத்தினோம். இந்த ஆய்வில் வரும் மீத்தேன் எண்கள் எல்லாமே கணக்கிட்டவை.

அந்த முறை எளிதானது. ஒரு கிலோ உலர் தீவனத்தில் 18.45 மெகாஜூல் ஆற்றல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். குறைவாகக் கறக்கும் மாடு அதில் 6.5 சதவீதத்தை மீத்தேனாக இழக்கிறது என்பது அந்த வழிகாட்டியின் 2019 திருத்தத்தில் உள்ள மதிப்பு. ஒரு கிலோ மீத்தேனில் 55.65 மெகாஜூல். வகுத்துப் பெருக்கினால், மாடு தின்னும் ஒவ்வொரு கிலோ உலர் தீவனத்துக்கும் ஏறத்தாழ 21.5 கிராம் மீத்தேன் வருகிறது.

வைத்த தீவனத்தையும் மாடு கழித்துப் போட்டதையும் தொங்கு தராசில் எடைபோட்டு, ஈரப்பதத்தைக் கழித்தோம். வெவ்வேறு பருவங்களில் எடுத்த எடைகளின் சராசரிப்படி கொட்டகை முழுவதும் நாளொன்றுக்குத் தின்றது ஏறத்தாழ 40 கிலோ உலர் தீவனம். அதாவது 860 கிராம் மீத்தேன். பாலுக்குச் சங்கத்துப் புத்தகம் இருந்தது. வீட்டுக்கு எடுத்துக்கொண்டதையும் சேர்த்தால் அதற்கு முந்தைய 12 மாதங்களில் சராசரி நாளைக்கு 12 லிட்டர். ஆக ஒரு லிட்டர் பாலுக்கு 72 கிராம் மீத்தேன்.

இந்த 860 கிராமில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஐந்து மாடும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு ஒரு சிலிண்டரை ஏப்பமாக விடுகின்றன என்று சொன்னதும்தான் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை முழுக்க மிச்சப்படுத்த முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். ஓரளவு மீத்தேன் அசைபோடும் விலங்கின் செரிமானத்தோடு பிறந்தது.

மாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. பால் தராத வெள்ளச்சியும் கிடேரியும் சேர்ந்து நாளைக்குப் பன்னிரண்டரை கிலோ உலர் தீவனம் தின்றன. கொட்டகையின் மீத்தேனில் அவற்றின் பங்கு 30 சதவீதத்துக்கு மேல். திட்டத்துக்காரர்கள் கொண்டுவந்த படிவத்தில் "கறவை மாடுகள்" என்ற ஒரே கட்டம்தான் இருந்தது. இந்த இரண்டும் அதில் எங்குமே வராது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, மீத்தேனை நேரடியாக அடக்கும் சேர்மானம் எதையும் தொடக்கத்தில் கொடுப்பதில்லை என்பது. நிறுவனத்தின் விருப்பம் அதற்கு நேர்மாறாக இருந்தது. சேர்மானம் கொடுத்தால் இத்தனை சதவீதம் குறையும் என்று எழுதுவது எளிது, விற்பதும் எளிது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அனுமதித்த 3-என்.ஓ.பி. என்ற வேதிப்பொருள், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரின் கடைசிப் படி நொதியைத் தடுக்கிறது. கறவை மாடுகளில் சராசரியாக 30 சதவீதம் அளவுக்குக் குறைப்பு கிடைக்கிறது. ஆனால் அது வயிற்றில் நெடுநேரம் நிற்பதில்லை. மாடு தின்னும் ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் கலந்திருந்தால்தான் பலன். எல்லாத் தீவனத்தையும் இயந்திரத்தில் ஒன்றாகக் கலந்து வைக்கும் பண்ணைகளுக்கு அது பொருந்தும். காலையில் தவிட்டுத் தண்ணீர், மதியம் வைக்கோல் என்று தனித்தனியாக வைக்கும் கொட்டகைக்குப் பொருந்தாது. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த தாவரங்களைக் கொண்டு உருவாக்கிய 'ஹரித் தாரா' 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தோம். புரதம் கிடைக்காமல் வாடும் மாட்டுக்கு டானின் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டானின் புரதத்தையும் கட்டிப்போடும். இலவசமாகத் தருவது நின்ற மறுநாள் இந்தக் குடும்பம் எதையெல்லாம் நிறுத்திவிடுமோ அதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது என்பதும் என் கணிப்பு.

எனவே தீவனத்தைச் சமன் செய்வது, மாடுகளைக் காலத்தில் சினைப்படுத்துவது என்ற பழைய வழியை எடுத்தோம். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் தேசியப் பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில் ஊர் ஊராகச் செய்தது இதைத்தான். ஊர்க்காரர் ஒருவரையே பயிற்றுவித்து, கணினியில் மாட்டின் எடையையும் பாலையும் போட்டு, உள்ளூரில் கிடைக்கும் பொருளை வைத்தே குறைந்த செலவில் தீவனம் எழுதித் தருவார்கள். லிட்டருக்கான மீத்தேன் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக அந்தத் திட்டத்தின் அளவீடுகள் காட்டின.

அடுத்தது திப்பி. அதை முழுக்க நிறுத்தச் சொல்லத்தான் முதலில் எண்ணினேன். ஆனால் மாவுச்சத்து செரிக்கும்போது மிஞ்சும் ஹைட்ரஜன் குறைவு. வைக்கோல் ஒரு கிலோவுக்கு வரும் மீத்தேனைவிடத் திப்பி ஒரு கிலோவுக்குக் குறைவாகவே வரும். அதை நிறுத்தி வைக்கோலைக் கூட்டினால் எதற்காக வந்தோமோ அதற்கே எதிராகப் போகும். அளவுக்கு மீறிக் கொடுத்தால் வயிறு புளித்துவிடும் என்பது மட்டும் ஆபத்து. ஆகவே பாதியாகக் குறைத்து, இரண்டு வேளையாகப் பிரித்து, அதோடு புரதத்தைச் சேர்ப்பது என்று முடிவானது.

புரதம் எங்கிருந்து வரும்? கிணற்றடியில் 15 சென்டில் கோ-5 கம்பு நேப்பியர் கரணை, பக்கத்தில் 5 சென்டில் வேலிமசால், வரப்பில் கிளைரிசிடியாவும் அகத்தியும். கடலை பிடுங்கிய பிறகு கொடியை விற்றுக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்தி வீட்டிலேயே வைக்கச் சொன்னோம். வைக்கோலை விலைக்கு வாங்குபவன் கடலைக்கொடியை விற்பது நஷ்டக் கணக்கு. மக்காச்சோளத்தட்டை வயலிலேயே மடக்கி உழாமல் நறுக்கிப் போட ஒரு பழைய தட்டு வெட்டும் இயந்திரம் வாங்கினார்கள். அடர்தீவனம் வீட்டிலேயே கலந்தது: மக்காச்சோள மாவு, கடலைப்புண்ணாக்கு, உளுந்தம்பொட்டு, தவிடு, அதில் நூற்றுக்கு 2 பங்கு தாது உப்பு, 1 பங்கு சாப்பாட்டு உப்பு.

வைக்கோலை யூரியாத் தண்ணீர் தெளித்து மூன்று வாரம் மூடி வைக்கும் முறையையும் யோசித்தோம். நூறு கிலோவுக்கு 4 கிலோ யூரியா. நாரைச் செரிக்கத் தகுந்ததாக்கும், புரதமும் கூடும். பாட்டி ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். பக்கத்து ஊரில் யூரியா கரைத்த தண்ணீரைக் குடித்து ஒரு மாடு செத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். நான் வற்புறுத்தவில்லை. பிள்ளைகளும் கன்றும் ஓடியாடும் வாசலில் யூரியா வாளி இருப்பது எனக்கும் உவப்பாக இல்லை.

அதே பாட்டிதான் பருத்திக்கொட்டையை நினைவுபடுத்தினார். அவர் காலத்தில் கறவை மாட்டுக்கு ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து ஊற்றுவார்களாம். பருத்திக்கொட்டையில் உள்ள எண்ணெய்ச் சத்து மீத்தேனை ஓரளவு குறைக்கும் என்பது இன்றைய ஆய்வுகளிலும் உறுதியான விஷயம். மொத்த உலர் தீவனத்தில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். விலை அதிகம் என்பதால் கறக்கும் மாடுகளுக்கு மட்டும் அரைக் கிலோ என்று வைத்தோம்.

சாணத்தைப் பற்றி ஒரு வரி: அது காய்ந்த குப்பைமேடாகத்தான் கிடந்தது, தண்ணீரில் தேங்கி நிற்கவில்லை. அப்படிக் கிடக்கும் சாணத்தில் மீத்தேன் குறைவு. அதைத் தொடவில்லை.

முதல் ஆண்டு

குடற்புழு மருந்தும் தாது உப்பும் முதல் வாரத்திலேயே தொடங்கின. தீவன மாற்றம் அவ்வளவு லேசாக நடக்கவில்லை. என்ன, எவ்வளவு என்று எழுதிய தாளைக் கணவரிடம் கொடுத்திருந்தோம். அவர் தாளைப் பத்திரமாகப் பரண் மேல் வைத்துவிட்டார். மாட்டுக்கு வைப்பது மனைவி. காலை 5 மணிக்குக் கறப்பதிலிருந்து இரவு கடைசி கட்டு வைக்கோல் வரை எல்லாம் அவர் கை. அடர்தீவனம் கலக்க, பசுந்தீவனம் அறுக்க, தட்டு வெட்ட என்று அவருக்கு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் வேலை கூடியது. யாரும் அதை அவரிடம் கேட்டிருக்கவில்லை. "புல்லறுக்கிற நேரத்துல நூறு நாள் வேலைக்குப் போனா கைல காசு வரும்ல?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அப்புறம்தான் உட்கார்ந்து பேசி, கணவர் அறுத்துக் கொண்டுவந்து போடுவது, மனைவி நறுக்கி வைப்பது என்று பிரித்துக்கொண்டார்கள். அளவுகள் கிராமில் இருந்ததைத் தூக்கிவிட்டு, வீட்டிலிருந்த ஒரு தூக்குவாளிக்குக் கோடு போட்டுக் கொடுத்தோம். தாள் பரணிலேயே இருக்கிறது.

செவலை இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர் ஏறியது. சங்கத்தில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து) கூடியதால் லிட்டருக்கான விலையும் கொஞ்சம் ஏறியது. குடும்பத்துக்கு நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான். சின்னச் செவலை கன்று போட்டு, முன்பைவிட நன்றாகக் கறந்தது. அடுத்த சினையும் மூன்றாவது மாதத்துக்குள் நின்றது. கிடேரி தாது உப்பும் பசுந்தீவனமும் தின்று நாலைந்து மாதத்தில் பருவத்துக்கு வந்தது, முதல் ஊசியிலேயே நின்றது. கருப்பிக்கு மட்டும் இரண்டு முறை தவறியது, பிறகு பிடித்தது.

இவற்றில் எது மீத்தேனுக்கு அதிகம் உதவியது என்று கேட்டால் என் விடை பாலில் ஏறிய லிட்டர் அல்ல. செவலைக்கு முன்பு இரண்டு ஈற்றுக்கு நடுவில் 19 மாதம் ஆகியிருந்தது. அதில் பாதிக்கு மேல் பால் இல்லாத அல்லது பேருக்குப் பால் உள்ள காலம். சின்னச் செவலை இப்போது 14 மாதத்துக்குள் மறுபடி ஈன்றது. கிடேரி இன்னும் ஓராண்டு சும்மா தின்றிருக்க வேண்டியது, கறவைக்கு வந்துவிட்டது. மாடு உயிரோடிருக்கும் ஒவ்வொரு நாளும் ஏப்பம் விடும். அந்த நாட்களில் எத்தனை நாள் பால் தருகிறது என்பதே நம் கொட்டகைகளில் பெரிய வேறுபாடு. சேர்மானம் பற்றிய விளம்பரங்களில் இது வருவதே இல்லை.

சித்திரையில் கிணறு அடி தெரிந்தது. நேப்பியர் கருகி, இரண்டு மாதம் பழையபடி வைக்கோலும் திப்பியும் ஓடின. பாலும் இறங்கியது. பின்னால் வரும் சராசரிகளில் இந்த மாதிரி மாதங்களும் அடக்கம்.

வெள்ளச்சி

கையை விட்டுச் சோதித்தபோது வெள்ளச்சியின் கருப்பையில் பழைய சீழ் இருந்தது. கன்று போட்டபோது நஞ்சுக்கொடி விழாமல் இழுத்து எடுத்த கதை அப்போதுதான் வெளியே வந்தது. மருந்து ஏற்றினோம், சீழ் நின்றது, பருவத்துக்கும் வந்தது. ஆனாலும் சினை பிடிக்கவில்லை. சினைமுட்டைக் குழாயில் ஒட்டல் இருக்கலாம் என்று கணித்தேன். அதற்குமேல் இந்த இடத்தில் செய்ய ஒன்றும் இல்லை என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டேன்.

விற்பதா வைத்திருப்பதா என்பதை அவர்களிடமே விட்டோம். பாட்டிக்கு மனமே இல்லை. அந்த வீட்டுக்கு வந்த முதல் கலப்பின மாட்டின் வழி வந்தது அது. முதல் ஆண்டு முடிகிற சமயத்தில், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில், கணவர் அதைச் சந்தைக்கு ஓட்டினார். வாங்கியவர் ஒரு வியாபாரி. அதன் பிறகு அது எங்கே போனது என்று தெரியாது.

கணக்கு

இரண்டாம் ஆண்டின் 12 மாதங்களை முதலில் எடுத்த 12 மாதங்களோடு ஒப்பிட்டோம். பால் சராசரி நாளைக்கு 12 லிட்டரிலிருந்து 20 லிட்டர். நான்கு மாடுகள் தின்ற உலர் தீவனம் 38 கிலோ. கன்றுகளை இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை.

நிறுவனத்தின் கணக்காளர் எழுதியது: முன்பு 860 கிராம், இப்போது 817 கிராம், மொத்த மீத்தேன் 5 சதவீதம் குறைந்தது. ஆண்டுக்கு 16 கிலோ மீத்தேன், அரை டன்னுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயுவுக்குச் சமம்.

அதை நான் ஏற்கவில்லை. வெள்ளச்சி கொட்டகையை விட்டுப் போனதே தவிர உலகத்தை விட்டுப் போனதற்குச் சான்று இல்லை. வேறொருவர் கொட்டகையில் அது நின்றால் ஏப்பம் அங்கே வருகிறது. மாட்டை விற்றால் மீத்தேன் குறைந்ததாக எழுதும் திட்டம், வறட்டு மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதற்குக் காசு கொடுக்கும் திட்டமாகிவிடும். அதன் 7 கிலோவைச் சேர்த்தால் 45 கிலோ தீவனம், 968 கிராம் மீத்தேன். மொத்தம் 12 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 39 கிலோ, ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம், எதிர்ப் பக்கத்தில்.

மூன்றாவது கணக்கு லிட்டருக்கு. வெள்ளச்சியைச் சேர்த்தே பார்த்தாலும் 72 கிராமாக இருந்தது 48 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு குறைவு. இந்த 20 லிட்டரைப் பழைய முறையில் கறந்திருந்தால் என்ற ஒப்பீட்டில் ஆண்டுக்கு 175 கிலோ மீத்தேன் மிச்சம், கிட்டத்தட்ட 5 டன் கரியமில வாயு.

ஒரே கொட்டகை, ஒரே இரண்டு ஆண்டுகள். அரை டன் மிச்சம், ஒரு டன் கூடுதல், ஐந்து டன் மிச்சம். லிட்டர் கணக்குதான் பொருத்தமானது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இங்கே கூடிய 8 லிட்டர் வேறெங்கோ ஒரு மோசமான கொட்டகையில் கறக்க வேண்டிய பாலுக்கு மாற்றாக வந்திருக்க வேண்டும். 2023-24இல் நாடு முழுவதும் உற்பத்தியான பால் ஏறத்தாழ 23.9 கோடி டன். தேவையும் கூடிக்கொண்டே போகிறது. இந்த 8 லிட்டர் எதற்கு மாற்றாக வந்தது என்பதை ஒரு வீட்டை வைத்துச் சொல்லவே முடியாது. வட்டார அளவில் மாடுகளின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்லலாம்.

இன்னொரு குறையும் இந்தக் கணக்கில் இருக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஆண்டுக்கு 5,000 கிலோவுக்குக் கீழே கறக்கும் மாடு எல்லாவற்றுக்கும் அதே 6.5 சதவீதம்தான். நம் செவலை எவ்வளவு நல்ல தீவனம் தின்றாலும் அந்தக் கோட்டைத் தாண்டாது. எனவே பருத்திக்கொட்டையும் வேலிமசாலும் வயிற்றுக்குள் செய்த மாற்றம் எதுவும் எங்கள் எண்களில் இல்லை. உண்மையான மீத்தேன் கொஞ்சம் குறைவாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம், அதை அளக்க எங்களிடம் கருவி இல்லை.

கிரெடிட் விற்பனை நடக்கவில்லை. எந்தக் கணக்கை எடுப்பது என்பதில் உடன்பாடு வராமல், முன்னோட்டம் முடிந்ததும் நிறுவனம் இந்தப் பகுதியை விட்டு நகர்ந்துவிட்டது. குடும்பத்துக்கு அதில் ஒரு ரூபாயும் வரவில்லை. பால் காசு மட்டும் கூடியது. அடர்தீவனச் செலவு போகவும் மிச்சம் நின்றது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எந்த அலகில் கணக்கு என்பதை முதல் எடை போடும் முன்பே எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். கொட்டகையை விட்டுப் போகும் மாடு, புதிதாக வரும் மாடு, ஓராண்டு தாண்டிய கன்று, இவற்றுக்கு என்ன விதி என்பதும் அதில் இருக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகு அலகைத் தேர்ந்தெடுத்தால் ஆளுக்கு ஒரு விடை எடுத்துக்கொள்வார்கள்.

தீவனத்துக்கு முன்னால் சினைச் சோதனை. எல்லா மாட்டையும் முதல் நாளே சோதித்து, ஈன்ற தேதிகளை வீட்டாரின் நினைவிலிருந்தாவது எழுதி வாங்க வேண்டும். இந்த வீட்டில் அதிகப் பலன் வந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான், திட்டப் படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

மாட்டுக்குத் தீவனம் வைப்பவரிடம் நேரடியாகப் பேச வேண்டும், அவருக்குக் கூடும் வேலை நேரத்தையும் செலவாக எழுத வேண்டும். கோடைக்கு முன்னேற்பாடும் தேவை. ஐப்பசி, கார்த்திகையில் மிஞ்சும் பசுந்தீவனத்தையும் மணி பிடிக்கும் பருவத்து மக்காச்சோளத்தையும் நறுக்கிப் பைகளில் அழுத்தி ஊறுகாய்த் தீவனமாக வைத்திருந்தால் சித்திரையில் பால் அவ்வளவு இறங்கியிருக்காது. இப்போது அவர்கள் அதைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள், முதல் பைகளில் ஓரத்தில் பூஞ்சை பிடித்தது, காற்று உள்ளே போகும்படிக் கட்டியதால்.

இப்போதைய நிலை

தாது உப்பும் வீட்டுக் கலவையும் தொடர்கின்றன. பருத்திக்கொட்டை விலை ஏறியதும் நின்றுவிட்டது. நேப்பியர் 15 சென்டிலிருந்து 20 ஆகியிருக்கிறது. கிடேரி இரண்டாவது சினை, கிடேரிக் கன்று ஒன்றும் வளர்கிறது. கூடிய பால் காசைச் சேர்த்து வைத்து, வெள்ளச்சி நின்ற இடத்தில் ஒரு ஹோல்ஸ்டைன் கலப்பு மாடு வாங்கக் கணவர் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். பசுந்தீவனம் நான்கு மாட்டுக்குத்தான் காணும், கிடேரிக் கன்று பருவத்துக்கு வரும்வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மனைவி என் பக்கம். கணவர் வரும் வாரம் சந்தைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.